சோடியாய்த் திரியிறதில என்ன பிழை?

யாழ்ப்பாணத்தில் ஒரு பெடியனும் பெட்டையும் சேர்ந்து வெளியே போவதற்கு மூன்று காரணங்களை ஊர் ஏற்றுக்கொள்கிறது. கலியாணத்துக்கு முந்தின போட்டோ சூட், நுவரெலியாத் தேனிலவு, வெளிநாட்டுத் தூதரகத்துக்குக் காட்டுவதற்கான வீஸா ஆல்பம். இந்த மூன்றும் இல்லாமல், சும்மா பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு பிளேன்ரீ குடிக்கவோ, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பருத்தித்துறைக்குப் போய் வடை வாங்கிக்கொண்டு வரவோ இரண்டு பேர் வெளிக்கிட்டால் அதற்கு ஒரு பேர் வைத்திருக்கிறோம். ‘ஊர் சுத்துறது.’

அந்தச் சொல் ஆருக்கு ஒட்டுது, ஆருக்கு ஒட்டாது எண்டு பாருங்கோ. தனியாய் ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளில் ஒரு கிழமை இலங்கையைச் சுற்றி வந்தால் அவன் ‘றைடர்’. ஐந்து பெடியள் சேர்ந்து அறுகம்பே போனால் அது ‘ட்ரிப்’. குடும்பமாய் வான் பிடித்துக் கதிர்காமம் போனால் யாத்திரை. ஒரு பெட்டை தன்ர காதலனோட காரைநகர் கசூரினா வரைக்கும் போய் வந்தால் மட்டும் அவள் ‘சுத்தினவள்’. கூடப் போனவனுக்கு அந்தப் பேர் ஒட்டாது. நாளைக்கு வேறொரு இடத்தில் கலியாணம் பேசும்போது அவனுடைய கசூரினாவை ஒருவரும் விசாரிக்கப் போவதில்லை.

நான் ஆறு வருடமாக ஒருவனோடு சேர்ந்து திரிகிறேன். கலியாணம் இன்னும் இல்லை. கட்டுவோமா, எப்போது கட்டுவோம் என்பது எங்கள் இரண்டு பேரின் விசயம், இந்தக் கட்டுரையின் விசயம் அல்ல. திரிதலைப் பற்றித்தான் எழுத வந்தேன். இரண்டு பேர் சேர்ந்து பஸ்ஸில் போவதும், கடற்கரையில் இருப்பதும், லீவுக்கு வேறொரு ஊரில் போய்த் தங்குவதும் ஒரு உறவுக்கு மேலதிகமான ஆடம்பரம் இல்லை. இரண்டு பேர் ஒருவரையொருவர் அறிவதற்கு வேறு வழி கிடையாது. அதை எங்கள் சமூகம் தடுப்பது ஒழுக்கத்துக்காகவும் இல்லை.

முதலில் வீஸா ஆல்பத்துக்கு வருவோம், ஏனென்றால் எங்கள் இரட்டை முகம் இதைவிட வடிவாய் வெளிப்படுகிற இடம் வேறில்லை.

மாப்பிள்ளை கனடாவில். குறிப்புப் பொருந்திவிட்டது. வட்ஸ்அப்பில் நாலு மாதம் கதைத்தார்கள், அதுவும் அம்மா பக்கத்து அறையில் இருக்கும்போது. மாப்பிள்ளை மூன்று கிழமை லீவில் வருகிறார், எழுத்து நடக்கிறது, தாலி கட்டியாகிறது. இனி ஸ்பொன்சர் பைல் போடவேண்டும். அந்தப் பைலுக்குக் கனடாக்காரன் கேட்பது என்ன? இது உண்மையான உறவு என்பதற்கான ஆதாரம். சேர்ந்து எடுத்த படங்கள், சேர்ந்து போன இடங்கள், இவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்று காட்டுகிற ஏதாவது. உடனே வீடு பரபரக்கிறது. இருபத்தாறு வருடம் “பொழுதுபட முதல் வந்திட வேணும்” என்று சொன்ன அதே அப்பா, “பீச்சில ஒண்டு எடுங்கோ, சாப்பாட்டுக் கடையில ஒண்டு எடுங்கோ, உடுப்பை மாத்தி எடுத்தால் வேற வேற நாள் மாதிரி இருக்கும்” என்று யோசனை சொல்கிறார். மச்சாள் கமெரா பிடிக்கிறாள். ஒரே நாளில் நாலு சட்டை, ஆறு இடம். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் எப்படி நிற்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள், “கிட்ட வாங்கோவன்” என்று மாமி சொல்கிறா.

இதை நான் பகிடிக்குச் சொல்லவில்லை. வெளிநாட்டு அதிகாரி ஒருவருக்கு இரண்டு பேர் சேர்ந்து திரிந்திருந்தால்தான் அது உறவு என்று தெரிகிறது. எங்களுக்கு இரண்டு பேர் சேர்ந்து திரிந்திருக்காவிட்டால்தான் அது கௌரவமான உறவு. பைல் போடுகிற அன்றைக்கு மட்டும் இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை நடிக்கிறோம்.

போட்டோ சூட்டும் இப்படித்தான். கோட்டை மதிலில் பின்னேரம் இரண்டு பேர் சும்மா இருந்து கதைத்தால், அந்த வழியால் போகிற எல்லாருக்கும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவும் செருமவும் உரிமை இருக்கிறது. அதே மதிலில், அதே வெளிச்சத்தில், ஒரு சோடி கட்டிப்பிடித்தபடி நிற்க, மேலே ட்ரோன் சுற்ற, கீழே இரண்டு பெடியள் வெள்ளைத் துணியைப் பறக்கவிட்டுக்கொண்டு நின்றால், வழியால் போகிறவர்கள் ஓரமாய் ஒதுங்கி வழி விடுகிறார்கள். கட்டிப்பிடிக்கிறது பிரச்சினை இல்லை. வீட்டுக்காரர் காசு கட்டிக் கட்டிப்பிடித்தால் அது கலை, சொந்தமாய்ப் பிடித்தால் கலாசாரச் சீரழிவு.

சரி, திரிந்தால் என்ன தெரியும்? நானும் இவனும் முதல்தடவை நெடுந்தீவுக்குப் போன நாளைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் குறிகட்டுவான், அங்கேயிருந்து ஒரு மணித்தியாலம் படகு. பஸ்ஸில் இருந்தே எனக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்தது. இறங்குதுறையில் ஒரு பெண் போகக்கூடிய ஒழுங்கான மலசலகூடம் தேடுவது என்றால் என்னவென்று வடக்கில் பயணம் செய்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். இவனுக்கு அதுவரை தெரியாது. இப்படி ஒரு பிரச்சினை உலகத்தில் இருக்கிறது என்பதே இருபத்திரண்டு வயதுவரைக்கும் தெரியாமல் வளர்ந்திருக்கிறான், எல்லாப் பெடியளையும் போல. அன்றைக்கு அவன் கூச்சப்பட்டுக்கொண்டு ஒரு கடைக்காரம்மாவிடம் போய்க் கேட்டான். அந்த அம்மா தன்ர வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனா. பிறகு நெடுந்தீவில் வெயிலுக்குள் பெருக்கமரமும் கல்வேலியும் குதிரைகளும் பார்த்துக்கொண்டு சைக்கிள் உழக்கினோம். தண்ணி முடிந்துவிட்டது. கடைசிப் படகு எத்தினைக்கு என்று ஆளுக்காள் வேறு நேரம் சொன்னார்கள். அவனுக்குப் பதற்றம் வந்தால் கோபம் வராது, ஒரேயடியாய்ப் பேசாமல் போய்விடுவான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எனக்குப் பசி வந்தால் நியாயம் நீதி ஒன்றும் கிடையாது என்று அவனுக்கும் தெரியும். இந்த இரண்டு விசயமும் பத்துப் பொருத்தத்தில் எந்தப் பொருத்தத்துக்குள் வரும்?

மற்றப் பக்கம் எங்கள் ‘பொம்பிளை பாக்கிற’ முறையை வையுங்கள். கோயில் வீதியில் எட்டுப் பேர் சூழ நிற்க, இரண்டு பேர் பதினைந்து நிமிடம். “என்ன படிச்சனீங்கள்?” “எத்தினை சகோதரங்கள்?” இதற்குப் பிறகு ஐம்பது வருடம் சேர்ந்து வாழ வேண்டும். ஒரு மோட்டார் சைக்கிள் வாங்க முதல் சந்திவரைக்கும் ஓடிப் பார்க்கிறோம். நான் ஆட்களை வாகனத்தோடு ஒப்பிட விரும்பவில்லை, ஆனால் வாகனத்துக்குக் காட்டுகிற அக்கறை மனிசருக்கு இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. பஸ் கொண்டக்ரரோடு ஒருவன் எப்படிக் கதைக்கிறான், கடையில் மேசை துடைக்கிற தம்பியை எப்படிக் கூப்பிடுகிறான், வழி தவறினால் கேட்கிறானா இல்லை வீம்புக்குப் போய்க்கொண்டே இருக்கிறானா, காசு முடிந்தால் என்ன செய்கிறான். இது ஒன்றும் கோயில் வீதியில் தெரியாது. அடிக்கிற கை எது என்று கலியாணத்துக்குப் பிறகு கண்டுபிடித்த பெண்கள் எங்கள் எல்லார் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் ‘சுத்தினவள்’ என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். கடற்கரையில் இருக்கிற சோடியிடம் வந்து நிற்கிற பெரியவர் முதலில் என்ன கேட்பார்? “இங்க என்ன செய்யிறியள்?” என்று கேட்பார் என்று நினைப்பீர்கள். என்னுடைய அனுபவத்தில் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, “தம்பி எந்த ஊர்?” அடுத்தது என்னைப் பார்த்து, “நீர் ஆற்றை பிள்ளை?” ஊர் சொன்னால் எந்த வட்டாரம் என்று கேட்பார். வட்டாரம் சொன்னால் எந்தக் கோயிலடி என்று கேட்பார். இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இருப்பது என்னவென்று எங்களில் ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. முத்தம் குடுத்தாயா என்று அவர் கேட்கவில்லை. சாதி கேட்கிறார்.

இதுதான் விசயம். சோடியாய்த் திரிகிற பிள்ளைகள் தாங்களாகவே தெரிவு செய்கிறார்கள். ரியூசனில், கம்பஸில், வேலையிடத்தில் சந்திக்கிற ஆட்களுக்குச் சாதி நெற்றியில் எழுதியிருக்காது. சேர்ந்து நாலு இடம் போனால் பிடித்துப்போகும். பிடித்துப்போனால் சீதனக் காணி எங்கே போகும், குடும்பப் பேர் எங்கே போகும்? பாதுகாக்க வேண்டியது அதுதான். ஒழுக்கம், கலாசாரம் என்பதெல்லாம் அதற்குப் போர்த்திவிட்ட சால்வை. அதனால்தான் ‘எங்கட ஆக்கள்’ சோடி என்று தெரிந்தவுடன் அந்தப் பெரியவரின் முகம் இளகிவிடுகிறது. “கெதியா வீட்டில சொல்லிக் கட்டுங்கோ” என்று ஆசீர்வாதமும் பண்ணிவிட்டுப் போகிறார். இளகாத முகங்களையும் நான் பார்த்திருக்கிறேன். தமிழ்ப் பெட்டையும் முஸ்லிம் பெடியனும், அல்லது மலையகத்துப் பெட்டையும் யாழ்ப்பாணத்துப் பெடியனும் என்று தெரிந்தால் அந்தப் பெரியவர் போன் எடுக்கிறார்.

போன் எடுத்து என்ன செய்வார்? படம் எடுப்பார். படம் குடும்பக் குறூப்புக்குப் போகும், அங்கேயிருந்து ஊர்க் குறூப்புக்கு, அங்கேயிருந்து முகநூலுக்கு. முகத்தை மறைத்தோ மறைக்காமலோ போட்டு, கீழே ‘சீரழியும் இளையோர்’ என்று ஒரு செய்தித் தளமும் தலைப்புப் போடும். ஒருவருடைய அனுமதி இல்லாமல் அவரைப் படம் எடுத்துப் பரப்புவது சீரழிவுக்குள் வராது போல. வெயிலுக்கு இல்லாமல் இந்தப் போன்களுக்குப் பயந்துதான் எங்கள் பெட்டையள் மோட்டார் சைக்கிளின் பின்னால் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். கொரோனா வந்தபோது மாஸ்க் கட்டாயம் ஆனது, என்னுடைய சிநேகிதி ஒருத்தி “கடவுள் கண் திறந்திட்டார்” என்றாள்.

தமிழ்க் கலாசாரத்தைக் காப்பாற்றுகிறோம் என்கிற இந்த அண்ணாமாருக்கு ஒரு சின்ன ஞாபகமூட்டல். சங்க அகப்பாடல்களில் உடன்போக்கு என்று ஒரு துறை இருக்கிறது. தலைவனும் தலைவியும் வீட்டுக்குச் சொல்லாமல் சேர்ந்து பாலை வழியாகப் பயணம் போவது. ஒரு பாட்டு இரண்டு பாட்டு இல்லை, ஐங்குறுநூற்றில் அதற்கென்றே பத்துப் பத்தாகப் பாட்டுகள் இருக்கின்றன. அந்தப் பாடல்களில் வழியில் நிற்கிறவர்களுக்குக் ‘கண்டோர்’ என்று பேர். அந்தக் கண்டோர் செய்கிற வேலை, களைத்துப்போய் வருகிற சோடியைப் பார்த்து இரங்குவது. கலித்தொகையின் பாலைப்பாட்டு ஒன்றில், மகளைத் தேடிக்கொண்டு வருகிற செவிலித்தாய் முக்கோல் பகவரிடம் விசாரிக்கிறா. அந்தத் துறவிகள் அவர்களைக் கண்டோம் என்கிறார்கள், அவள் செய்தது அறம்தான், நீ வருந்தாதே என்ற கருத்தில் ஆறுதல் சொல்கிறார்கள். சந்நியாசிகளுக்கு இருந்த விளக்கம் சந்தியில் நிற்கிற எங்கள் கண்டோருக்கு இல்லை. அலர் தூற்றுகிறவர்களும் அந்தப் பாடல்களில் வருகிறார்கள்தான், அவர்களை ஒருவரும் கலாசாரக் காவலர் என்று கொண்டாடவில்லை.

அப்போ இந்தக் காவலர்கள் எந்தக் கலாசாரத்தைக் காக்கிறார்கள்? சட்டத்தைப் பார்த்தால் விளங்கும். பூங்காவிலும் கடற்கரையிலும் சோடிகளை வெருட்டப் பொலிஸ் கையில் எடுக்கிறது 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். வேலையில்லாமல் அலைகிறவர்களையும் பிச்சை எடுக்கிறவர்களையும் அடக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. பொது இடத்தில் ஆபாசமாய் நடந்துகொள்வது பற்றியும் அதில் ஒரு பிரிவு இருக்கிறது. எது ஆபாசம் என்று அந்த இடத்தில் நிற்கிற உத்தியோகத்தர் முடிவெடுப்பார். தோளில் சாய்ந்தால் ஆபாசமா? குடைக்குள் இருந்தால்? அவருடைய அன்றைய மனநிலையைப் பொறுத்தது. இங்கிலாந்து மகாராணி காலத்து ஒழுக்கத்தை வைத்துக்கொண்டு தமிழ்ப் பண்பாடு என்று நெஞ்சை நிமிர்த்துகிறோம்.

ஒன்றை மட்டும் தெளிவாய்ச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களில் கனபேருக்கு இது தெரியாது. பதினெட்டு வயது தாண்டிய ஒரு ஆணும் பெண்ணும் கலியாணம் கட்டாமல் ஒரு விடுதி அறையில் தங்குவது குற்றம் என்று சொல்கிற சட்டம் இலங்கையில் இல்லை. 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிச் சட்டம் ஒன்று இருக்கிறது, அது அப்படியான விடுதி நடத்துகிறவர்களுக்கு எதிரானது. ஆனால் ஐசி இரண்டையும் வாங்கி விலாசம் வேறுவேறாய் இருக்கிறதென்று கண்டவுடன் “தங்கச்சி, மறி சேர்ட்டிபிக்கேற் இருக்கோ?” என்று கேட்கிற விடுதிகள் எங்கும் இருக்கின்றன. இரவு எட்டு மணி, மழை, பாக் இரண்டு, முற்பணமும் கட்டியாயிற்று, எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த வரவேற்பு மேசையில் நின்ற தம்பிக்கு என்னை விட வயது குறைவு. “நான் என்ன செய்ய அக்கா, முதலாளி ஏசுவார்” என்றான். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரச் சோடிக்குத் திறப்புக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவர்களிடம் பாஸ்போட்டை மட்டும் வாங்கினான். பாஸ்போட்டில் கலியாணம் எழுதியிருக்குமா?

இன்னொன்று. இரண்டு பெடியள் அல்லது இரண்டு பெட்டையள் ஒரு அறை கேட்டால் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. அதனால் அவர்களுக்குச் சுகம் என்று நினைக்கவேண்டாம். தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளின் நிழலில்தான் அவர்கள் அந்த அறைக்குள் போகிறார்கள். 1995இல் அந்தப் பிரிவைத் திருத்தினபோது பெண்களையும் சேர்த்துக் குற்றவாளியாக்கினார்கள். அப்படிச் சமத்துவம் தந்தார்கள். அந்தப் பிரிவுகளை மாற்றுகிற தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று 2023 மேயில் உயர்நீதிமன்றம் சொன்னது. அவர்களுக்குக் கடற்கரையில் கைகோர்க்கிற பின்னேரம் என்ற ஒன்றே இன்னும் இல்லை. நான் என்னுடைய சிரமத்தைப் பற்றி எழுதும்போது இதை எழுதாமல் போக முடியாது.

பாதுகாப்பு என்று ஒரு வாதம் இருக்கிறது. அம்மாமார் அதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வராது. அவர்களுடைய பயம் உண்மை. ஆனால் 2015இல் புங்குடுதீவில் கொல்லப்பட்ட அந்த மாணவி எந்தக் கடற்கரைக்கும் போகவில்லை, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். பஸ்ஸில் உரசுகிறவன் நாங்கள் சோடியாய் வந்தோமா தனியாய் வந்தோமா என்று பார்த்து உரசுவதில்லை. ஒளித்துத் திரிகிற சோடிக்குத்தான் கூடுதல் ஆபத்து. ஆளில்லாத இடம் தேடிப் போகவேண்டி வருகிறது, அங்கே யாராவது மிரட்டிக் காசும் போனும் பறித்தால் பொலிஸுக்கும் போகமுடியாது, வீட்டிலும் சொல்லமுடியாது. பறிக்கிறவனுக்கும் அது தெரியும். பாதுகாப்புத்தான் பிரச்சினை என்றால் பூங்காவில் லைற் போடுங்கோ, இறங்குதுறையில் மலசலகூடம் கட்டுங்கோ, ஏழு மணிக்குப் பிறகும் பஸ் விடுங்கோ.

‘வீட்டில இருந்து கதைக்கலாம்தானே’ என்கிறவர்கள் எந்த வீட்டைச் சொல்கிறார்கள் என்றும் யோசிக்க வேண்டும். தோட்டத்து லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவுக்குள் மூன்று தலைமுறை இருக்கிறது. கலியாணம் கட்டினவர்களுக்கே அங்கே தனியாய் ஒரு சொல் கதைக்க இடமில்லை. கொழும்பில் காலிமுகத்திடலில் வெயிலுக்குள் குடை பிடித்துக்கொண்டு இருக்கிற சோடிகளைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவர்களில் எத்தனை பேர் போர்டிங் அறையில் நாலு பேரோடு இருக்கிற கார்மென்ற் பிள்ளைகள், கடையில் வேலை செய்கிற பெடியள் என்று ஒருக்கா யோசியுங்கள். ஏசி கபேயில் ஆயிரம் ரூபாய்க் கோப்பியோடு மூன்று மணித்தியாலம் இருக்கிறவர்களை ஒருவரும் படம் எடுப்பதில்லை. காசில்லாத சோடிக்குத்தான் குடை. 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போய், பிறகு கியூ.ஆரில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று வந்தபோது, நாங்கள் இரண்டு பேரும் நடந்தே போகக்கூடிய தூரத்துக்குள் எங்கள் காதலைச் சுருக்கிக்கொண்டோம். சுப்பிரமணியம் பூங்காவைச் சுற்றி எத்தனை தரம் நடந்திருப்போம் என்று கணக்கில்லை.

வடக்குக் கிழக்குக் கடற்கரைகளின் கதை வேறு. காங்கேசன்துறையில் இராணுவம் தல்செவன விடுதி நடத்துகிறது. காரைநகர்க் கடற்கோட்டையில் கடற்படையின் ஹொட்டேல். திருகோணமலை மார்பிள் பீச் விமானப்படையிடம். சனத்தை எழுப்பிவிட்டு எடுத்த காணியெல்லாம் இன்னும் முழுதாய்த் திரும்பவில்லை, அந்தப் பக்கத்துக் கடலை ரிக்கெற் எடுத்துப் பார்க்கலாம். எங்கட கடலடியில் சோடியாய் இருந்தால் சீரழிவு என்று கத்துகிற வாய்கள் இதைப் பற்றி எத்தனை தரம் கத்தியிருக்கின்றன?

எங்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். லீவுக்கு மலைநாட்டுக்குப் போய், கொழுந்து கூடையை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு தேயிலைக்குள் நின்று படம் எடுக்கிற சோடிகளைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. அது ஒருவருடைய வேலையிடம். நிறை குறைந்தால் சம்பளம் குறைகிற வேலை. கண்டோரின் போனைப் பற்றி முறைப்பாடு செய்கிற நாங்கள் அங்கே போய் எங்கள் போனை எப்படிப் பிடிக்கிறோம் என்று பார்க்கத்தான் வேண்டும். ஒன்பது வளைவுப் பாலத்தில் வரிசையில் நின்று எல்லாரும் எடுக்கிற அதே படத்தை எடுத்துக்கொண்டு வருவதையும் நான் திரிதல் என்று சொல்லமாட்டேன். அதுவும் ஒரு வீஸா ஆல்பம்தான்.

அம்மாவும் அப்பாவும் சேர்ந்து போன முதல் நெடும்பயணம் 1995 ஒக்டோபர் 30. கலியாணம் கட்டி ஒன்றரை வருடம். வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலத்தால் சாவகச்சேரிக்கு, சைக்கிளில் மூட்டையும் அம்மம்மாவும், மழைக்குள் லட்சக்கணக்கான சனத்துக்கு நடுவே. அந்தப் பயணத்தில்தான் அப்பா எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொண்டதாக அம்மா சொல்லுவா. அதற்குப் பிறகு வன்னி, பாஸ், ஓமந்தை, லொட்ஜ். அவர்களுடைய தலைமுறையில் பயணம் என்றால் கட்டாயம். ஒரு தேவையும் இல்லாமல், யாரும் துரத்தாமல், இரண்டு பேர் ஒரு கடலைப் பார்க்கப் போவது என்பது அம்மாவுக்கு விளங்கவே இல்லை. “என்ன அலுவலாப் போறியள்?” என்று கேட்பா. “ஒரு அலுவலும் இல்லை அம்மா” என்றால் கொஞ்சநேரம் பேசாமல் இருப்பா. நான் கதைக்கிற ஆட்களில் இந்த ஒரு ஆளோடு மட்டும் எனக்குச் சண்டை இல்லை.

கடைசியாய், எல்லாரும் வைத்திருக்கிற அந்தப் பதில். “கலியாணம் கட்டிப்போட்டு எங்க வேணுமெண்டாலும் சுத்துங்கோ, ஆர் வேண்டாமெண்டது?” இது பச்சைப் பொய். எழுத்து முடிந்த சோடியே தாலி ஏறும்வரைக்கும் தனியாய் ஒரு ஐஸ்கிறீம் குடிக்கப் போகமுடியாது, சட்டப்படி அவர்கள் புருசன் பெண்சாதி. தாலி ஏறினபிறகு? ஒரு கிழமை தேனிலவு. அதற்குப் பிறகு அவர்கள் சேர்ந்து போகிற இடங்கள் கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்தவீடு, எட்டுச்செலவு, அந்தியேட்டி, நல்லூர்க் கொடியேறினால் இருபத்தைந்து நாளில் முடிந்த நாட்கள். ஓகஸ்ட்டில் வெளிநாட்டுச் சொந்தம் வந்தால் ஹயஸ் வானில் பதினாலு பேர். விடிய மூன்று மணிக்கு எழும்பிப் புட்டு அவித்து, கோழி பொரித்து, பிளாஸ்கில் தேத்தண்ணி ஊத்தி, பிள்ளைகளின் உடுப்பு மடித்து வைப்பது யார்? வானில் முன் சீற்றில் இருப்பது யார்? திருகோணமலையில் இறங்கி ஆண்கள் கடலில் குளிக்க, வாழையிலையை விரித்துக்கொண்டு நிற்பது யார்? அந்தப் பெண்ணுக்கு அது லீவு இல்லை, இடம் மாறின குசினி.

என்னோடு படித்தவள் ஒருத்தி, கலியாணம் கட்டி ஐந்து வருடம், வீட்டுச் சொல் கேட்டு ஒருநாளும் சுத்தாதவள். போனமாதம் சந்தையில் கண்டேன். நீயும் அவரும் மட்டும், பிள்ளை இல்லாமல், மாமி இல்லாமல், கடைசியாய் எப்போது சேர்ந்து பஸ் ஏறினீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். மூத்தவன் வயிற்றில் இருக்கும்போது ஸ்கான் எடுக்கப் போனது என்றாள்.